சுயதொழில் செய்வோரின் கணக்கை ஆய்வுக்கு எடுக்கும் மென்பொருள்: இந்திய வழியும் அமெரிக்க வழியும்

மாதச் சம்பளம் வாங்குபவரின் வருமானம், அவர் கணக்குத் தாக்கல் செய்யும் முன்பே வரித் துறைக்குத் தெரிந்துவிடுகிறது. தையல் கடை வைத்திருப்பவர், கல்யாணப் புகைப்படக்காரர், சொந்தமாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர் ஆகியோரின் வருமானமோ பெரும்பாலும் அவர்களே சொன்னால்தான் தெரியும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்க வரித் துறையின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. அங்கே சம்பள வருமானத்தில் சுமார் 1 சதவீதமே மறைக்கப்படுகிறது. எவரும் தகவல் அனுப்பாத தனிநபர் தொழில், வாடகை போன்ற இனங்களில் அது சுமார் 55 சதவீதம். எல்லாக் கணக்கையும் ஆராய எந்த நாட்டிலும் அலுவலர்கள் போதாது என்பதால், யாரை ஆய்வுக்கு எடுப்பது என்ற முடிவில் மென்பொருளுக்குப் பெரும் பங்கு கிடைத்திருக்கிறது.

இந்தியாவில் ‘காஸ்’ எனப்படும் கணினி வழித் தேர்வு, பெரிதும் தகவல்களைப் பொருத்திப் பார்ப்பதன் மீது நிற்கிறது. சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தினால் வங்கியும், 30 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சொத்துப் பதிவானால் பதிவாளரும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் தரும்போதே டிடிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடித்தவர்கள் தரும் விவரங்களும் இவற்றுடன் சேர்கின்றன. 2021 நவம்பரில் அறிமுகமான ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை வழியாக வரி செலுத்துபவரே இத்தகவல்களை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவும், தவறிருந்தால் மறுப்புத் தெரிவிக்கவும் முடிகிறது. இதை நான் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

ஆனால் பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு, பிறர் சொன்னது மட்டுமே தெரியும். நிறுவனங்களுக்கு வேலை செய்து டிடிஎஸ் பிடித்தம் போகப் பணம் பெறும் வடிவமைப்பாளர் அதன் கண்ணில் முழுமையாகப் படுகிறார். கல்யாண வீட்டில் ரொக்கமாகக் கூலி வாங்கி, வங்கிப் பக்கமே போகாதவர் படுவதில்லை. மார்ச் மாதப் பில்லுக்கு வாடிக்கையாளர் அந்த ஆண்டிலேயே டிடிஎஸ் காட்டிவிட, ரொக்க வரவு முறையில் கணக்கு எழுதுபவர் பணம் கைக்கு வந்த அடுத்த ஆண்டில் அதை வருமானமாகக் காட்டினால், இரண்டும் ஒத்துப்போகாமல் போகும். இத்தகைய நேர்மையான முரண்பாட்டுக்கு விளக்கம் எழுத வேண்டியவர், ஏற்கெனவே வெளிச்சத்தில் நிற்கும் வடிவமைப்பாளரே.

அமெரிக்க வழி இந்தக் குறையை வேறு விதமாக அணுகுகிறது. அங்கே ஒவ்வொரு தனிநபர் கணக்குக்கும் ‘டிஐஎஃப்’ என்ற மதிப்பெண் தரப்படுகிறது. ஏறத்தாழ ஒரே அளவு வரவுள்ள தொழில்களை ஒரு வகுப்பாக வைத்து, செலவும் வருமானமும் அந்த வகுப்பின் இயல்பிலிருந்து எப்படி விலகுகின்றன என்பதை வைத்து, ஆய்வு செய்தால் வரி கூடும் வாய்ப்பை அது கணிக்கிறது. இந்தச் சூத்திரம் குலுக்கல் முறையில் எடுத்த கணக்குகளை விரிவாகச் சரிபார்த்துக் கிடைத்த அனுபவத்திலிருந்து உருவாக்கப்படுவதுதான் இங்கே முக்கியம். சந்தேகத்துக்குரியவர்களை மட்டுமே ஆராய்ந்தால், மென்பொருள் தன் பழைய சந்தேகத்தையே திரும்பத் திரும்ப உறுதிசெய்துகொள்ளும். யாரும் சந்தேகிக்காதவரின் கணக்கையும் திறந்து பார்த்தால்தான் அது புதிதாக ஏதேனும் கற்கும். மதிப்பெண் உயர்ந்த கணக்குகளையும் அனுபவமுள்ள அலுவலர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே ஆய்வுக்கு அனுப்புகிறார்.

இதற்கான விலையை நேர்மையானவர்களே கொடுத்தார்கள். படிவத்தின் ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்கும் பழைய குலுக்கல் மாதிரி ஆய்வு 1988ஆம் ஆண்டுக் கணக்குகளோடு நின்றது. 1995இல் அடுத்த சுற்று கைவிடப்பட்டது. குடிமக்களுக்கு ஏற்பட்ட சுமை குறித்த எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். பின்னர் 2001ஆம் ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு, சுமையைக் குறைத்து, புதிய திட்டம் தொடங்கியது.

மதிப்பெண்ணே நீதியைத் தந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வரிச் சலுகையைக் கோருபவர்களை ஆய்வுக்கு எடுக்க, அதே துறை வேறொரு மென்பொருளைப் பயன்படுத்துகிறது. கறுப்பின வரி செலுத்துவோர் மற்றவர்களைவிட 2.9 முதல் 4.7 மடங்கு அதிகமாக ஆய்வுக்கு உள்ளாவதை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2023 ஜனவரியில் கணக்கிட்டுக் காட்டியது. வரிப் படிவத்தில் இனம் கேட்கப்படுவதே இல்லை. மொத்தமாக மறைக்கப்பட்ட வரியைத் தேடாமல், தவறாகப் பெற்ற சலுகையைத் தேடும்படி மென்பொருளுக்கு இலக்கு வைத்தது இந்த விளைவுக்கு முக்கியக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். சலுகைக் கோரிக்கையைக் கடிதம் வழியே மலிவாகச் சரிபார்க்கலாம். தொழில் வருமானத்தைச் சரிபார்க்கத் திறமையான அலுவலரும் நேரமும் வேண்டும். அதே ஆண்டு மே மாதத்தில் துறையின் ஆணையர் டேனியல் வெர்ஃபெல் இந்த ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டார்.

சுயதொழில் வருமானத்தைக் கண்டறியும் திறனைப் பொறுத்தவரை, மாதிரி ஆய்விலிருந்து கற்ற மதிப்பெண்ணே மேலானது என்பது என் கருத்து. காரணம் சொல்வதில் இந்திய வழி முந்துகிறது. குறிப்பிட்ட அம்சங்களுக்காக மட்டும் ஒரு கணக்கு எடுக்கப்படும்போது, எந்த விவரத்துக்காக எடுத்தோம் என்று நோட்டீஸிலேயே சொல்லப்படுவதால், கடைக்காரர் தன் ஆடிட்டரிடம் அந்த ஒரு பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். டிஐஎஃப் சூத்திரமோ அமெரிக்காவில் சட்டப்படியே ரகசியம். தன் மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்று அங்குள்ள தையற்காரருக்கு எவரும் சொல்வதில்லை.