புகைப்படத்தில் ஹாஃப்டோன் புள்ளிகள்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

புகைப்படங்களை ஹாஃப்டோன் புள்ளிகளாக, அதாவது செய்தித்தாள் படங்களில் போல் இருளுக்குப் பெரிதும் வெளிச்சத்துக்குச் சிறிதுமான புள்ளிகளாக மாற்றும் வேலையைப் பல ஆண்டுகளாகப் போட்டோஷாப், கிம்ப் என்ற இரு படத்திருத்த மென்பொருள்களில் செய்து வருகிறேன். இரண்டிலுமே ஃபில்டரை இயக்கிய சில நொடிகளில் புள்ளிகள் வந்துவிடுகின்றன. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் முகம் தெரியுமா, தொலைந்துபோகுமா என்பது ஃபில்டரைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

போட்டோஷாப்பில் பலரும் முதலில் தொடுவது பிக்ஸலேட் பட்டியலில் உள்ள கலர் ஹாஃப்டோன். புள்ளியின் அதிகபட்ச ஆரத்தை 4 முதல் 127 பிக்சல் வரை வைக்கலாம். அதன் கீழே புள்ளி வரிசைகளின் சாய்வைச் சொல்லும் 108, 162, 90, 45 என்ற நான்கு கோணங்கள், வண்ணத்துக்கு ஒன்றாக, இருக்கும். புள்ளிகள் அமரும் சதுரக் கட்டமைப்பு ஒவ்வொரு 90 பாகைக்கும் ஒருமுறை தன்னையே ஒத்துவிடுவதால், 108 என்பது 18-க்கும் 162 என்பது 72-க்கும் 90 என்பது 0-க்கும் சமம். அதாவது அச்சகங்களில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய மைகளுக்குத் தரும் கோணங்களுக்கு அருகிலேயே இவை அமைகின்றன. கோணங்களைத் தள்ளித்தள்ளி வைப்பது, நான்கு மைகளின் புள்ளித் திரைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது மோரே எனப்படும் அலை வடிவம் கண்ணை உறுத்தாமலிருக்கத்தான். படம் சிவப்பு, பச்சை, நீலம் கொண்ட ஆர்ஜிபி முறையில் இருந்தால் முதல் மூன்று கோணங்களே வேலை செய்யும். கருப்புக்கெனத் தனிப் புள்ளி இல்லாததால் நிழல்கள் மூன்று வண்ணங்களின் கூட்டாகவே உருவாகும். பழைய அச்சின் தோற்றம் வேண்டுமென்றால் முதலில் அந்த நான்கு மைகளைக் கொண்ட சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிவிடுவதே நல்லது. கிரேஸ்கேல் (கருப்பு வெள்ளை) படத்துக்கு முதல் கோணம் மட்டும் போதும், அதை நான் எப்போதும் 45-ல் வைக்கிறேன். சாய்ந்த வரிசைகளைக் கண் எளிதில் பிரித்தறிவதில்லை.

ஒற்றை நிறத்துக்கு எனக்குப் பிடித்த வழி, கிரேஸ்கேலிலிருந்து, சாம்பல் இல்லாமல் கருப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள பிட்மேப் முறைக்கு மாற்றும்போது வரும் ஹாஃப்டோன் ஸ்கிரீன். இதில் வட்டம், வைரம், நீள்வட்டம், கோடு, சதுரம், சிலுவை எனப் புள்ளியின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அங்குலத்துக்கு எத்தனை வரிசை என்பதையும் நாமே சொல்லலாம். அங்குலத்துக்கு 300 பிக்சல் உள்ள படத்தில் 30 வரிசை என்றால் ஒரு புள்ளிக்கு 10 பிக்சல் அகலமுள்ள கட்டம் கிடைக்கும். இந்த முறையில் லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) எல்லாம் ஒன்றாகிவிடுமென்பதால், நகலொன்றில் செய்து, கிடைத்ததை மூலக் கோப்புக்குள் தனி லேயராகக் கொண்டுவந்துவிடுகிறேன்.

கிம்ப்பின் நியூஸ்பிரிண்ட் ஃபில்டரில் புள்ளியின் இடைவெளியைப் பிக்சலிலேயே தரலாம் என்பது வசதி. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டரை லேயரில் கரைக்காமல் வைத்திருந்து, பிறகு திறந்து மாற்ற முடிகிறது. போட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இதே பயனைத் தருகிறது. நெடுநாள் வேலைக்கு எந்த மென்பொருள் என்று கேட்டால், முந்தைய அளவுகளுக்குத் திரும்ப விடுவது எதுவோ அதுவே என்பேன். ஏனெனில் புள்ளியின் அளவு முதல் முயற்சியிலேயே சரியாக அமைவது அரிது.

அளவைத் தீர்மானிக்க நான் பார்ப்பது கண்ணைத்தான். இறுதி அளவில் ஒரு கண் 60 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 12 பிக்சல் இடைவெளி வைத்தால் அந்தக் கண்ணின் அகலம் முழுவதற்கும் ஐந்தே புள்ளிகள்தான். கருவிழியில் மின்னும் சிறு வெளிச்சம் போயே போய்விடும். 6 பிக்சலாகக் குறைத்தால் பார்வை எந்தத் திசையில் என்பதாவது தெரியும். கண் தேறிவிட்டால் முகத்தின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் தேறிவிடும்.

அடுத்தது ஒளியும் நிழலும். வட்டப் புள்ளிகள் சுமார் 78 சதவீத அடர்த்தியில் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. அதற்குமேல் கருமைக்குள் வெள்ளைத் துளைகளாகவே படம் தெரியும். தாடைக்குக் கீழே உள்ள நிழல் அந்த இடத்தைத் தாண்டினால் கழுத்தும் உடையும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஃபில்டருக்கு முன்பே, ஒளியளவைத் திருத்தும் கர்வ்ஸ் கருவியில் நிழல்களைச் சற்று உயர்த்தி, நடுத்தொனிகளின் வேறுபாட்டைக் கூட்டுகிறேன். தலைமுடி, துணி நெசவு போன்ற நுண்விவரங்கள் புள்ளிகளோடு மோதிக் கலங்கலாகத் தெரியும் என்பதால், அங்கே மட்டும் லேசான மங்கல் தருவது நல்ல பலன் அளிக்கிறது. கூர்மையைக் கூட்டச் சொல்லும் அறிவுரைகள் பல உண்டு. முகங்களைப் பொறுத்தவரை எனக்கு அவற்றில் உடன்பாடில்லை.

புள்ளிகள் வந்தபின் படத்தின் அளவை மாற்றவே கூடாது. 70 சதவீதம் போன்ற அளவுக்குச் சுருக்கினால் புள்ளிகளின் ஓரங்கள் பிக்சல் கட்டத்தோடு பொருந்தாமல் பட்டைபட்டையாக அலைகள் எழும். அளவைக் குறைத்தாக வேண்டுமென்றால் மூலப் படத்தைச் சுருக்கி, ஃபில்டரை மறுபடி இயக்குவதே சரி. சேமிப்பதற்கு பிஎன்ஜி; ஜேபெக்கில் கூரிய ஓரங்களைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூசி படிந்ததுபோல் தெரியும், கோப்பும் எதிர்பார்த்த அளவுக்குச் சிறுப்பதில்லை.