பி.எட். பள்ளிப் பயிற்சி: ஒரு மாணவ ஆசிரியரின் மதிப்பீடு

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, பள்ளிப் பயிற்சிக்கு முதலாண்டில் 4 வாரங்களும் இரண்டாமாண்டில் 16 வாரங்களும் ஒதுக்கியதன் அருமையை, அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தியபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். காரணிப்படுத்தல் பாடத்தின்போது, குறை எண்களைக் கூட்டுவதிலேயே பலர் தடுமாறுவதைப் பின்வரிசையிலிருந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியர், பாடக்குறிப்பை ஒதுக்கிவிட்டு எண்கோட்டிலிருந்து தொடங்கச் சொன்னார். கல்லூரியில் சக மாணவர்கள் முன் நடத்தும் நுண்ணிலைக் கற்பித்தல் இதை ஒருபோதும் கற்றுத் தராது. பதிவேடுகள் எழுதும் சுமை மட்டும் மிக அதிகம். அதைக் கட்டாயம் குறைக்க வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புள்ளோர், கட்டட வசதியைவிட, வகுப்பில் உடனமர்ந்து திருத்தும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதையே முதலில் விசாரியுங்கள்.