ஃப்ளூட்டா, கிளாரினெட்டா? ரீட் முடித்துவைத்த வழக்கு

இரண்டு வருடம் கிளாரினெட் வாசித்துவிட்டு மேற்கத்திய ஃப்ளூட்டுக்கு மாறியவன் நான். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஃப்ளூட்டில் அதிர்வதற்கென்று தனிப் பாகம் எதுவும் கிடையாது. உதட்டிலிருந்து வரும் காற்று ஊதுதுளையின் எதிர்விளிம்பில் பட்டு, உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி ஆடுகிறது. குழலுக்குள் இருக்கும் காற்று அதோடு சேர்ந்து அதிர்கிறது. கிளாரினெட்டில் அந்த வேலை மவுத்பீஸில், அதாவது வாய் வைத்து ஊதும் பகுதியில், கட்டிய ரீட் என்ற ஒற்றை மெல்லிய தகட்டுக்கு. ஒரு வகையில் அதுவும் நாதஸ்வரத்தின் சீவாளி மாதிரிதான். இரண்டு நாக்குக்குப் பதில் ஒன்று.

இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், 66, 67 சென்டிமீட்டர். ஆனால் ஃப்ளூட்டின் அடிச்சுரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். பி ஃபிளாட் கிளாரினெட் 147 வரை இறங்கும். கிளாரினெட்டின் உருளைக் குழலில் ரீட் உள்ள பக்கம் மூடிய முனை போல நடந்துகொள்வதுதான் காரணம். அந்தக் கீழ்ச்சுரங்களின் கனத்துக்கு ஃப்ளூட்டில் ஈடே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கான விலை மேலே போகும்போது தெரியும். மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் சுரம் ஒரு ஸ்தாயியில் நிற்காமல் சுமார் ஒன்றரை ஸ்தாயி தாவிவிடும். மேலே விரல் கணக்கே வேறு. ஃப்ளூட்டில் முதல் இரண்டு ஸ்தாயிக்கும் பெரும்பாலும் ஒரே விரல் அமைப்புதான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ரீட். அது நாணல் வகைத் தண்டில் சீவியது. வாசிக்கும் முன் ஈரமாக்க வேண்டும், முடித்ததும் துடைத்துத் தட்டையாகக் காயவைக்க வேண்டும், ஒன்றையே தேய்க்காமல் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பத்து ரீட் உள்ள பெட்டியில் எனக்கு நல்லதாக வாய்த்தது மூன்றோ நான்கோ. அதுவும் சில வாரம்தான். காற்றில் ஈரப்பதம் மாறினால் நேற்று இனித்த ரீட் இன்று கீச்சிடும்; தவறு என்னுடையதா ரீடுடையதா என்று தெரியாமலே பாதிப் பயிற்சி நேரம் போய்விடும். செயற்கை ரீட் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கிறது என்கிறார்கள். நான் ஒன்றைத்தான் போட்டுப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

ஃப்ளூட்டில் உள்ளே துணி விட்டுத் துடைத்தால் அன்றைய பராமரிப்பு முடிந்தது. சத்தம் கெட்டால் பெரும்பாலும் என் உதடுதான் குற்றவாளி. துளைகளை மூடும் பேட் கசிந்தால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். ஆனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றில் ஒரு பகுதி துளைக்கு வெளியே வீணாகும், முதல் வாரங்களில் தலை சுற்றும். எனக்கு ஒழுங்கான சத்தம் வரவே ஐந்து நாள் ஆனது.

சாக்ஸபோனையும் கேட்பீர்கள். கூம்புக் குழல் என்பதால் அங்கே தாவல் சரியாக ஒரு ஸ்தாயிதான். சரி, ஆனால் ரீட் அங்கேயும் உண்டு.

கிளாரினெட்டை இன்னும் விற்கவில்லை. போன வாரம் அந்தக் கீழ்ச்சுரத்தைக் கேட்க ஆசை வந்து பெட்டியைத் திறந்தேன். மிச்சமிருந்த ஒரே ரீடின் நுனி உடைந்திருந்தது.