இஸ்தான்புல்லில் நீலக் கண் மணி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் துருக்கியிலிருந்து திரும்பும்போது, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 20 ‘நஸர் போன்ஜூ’ வாங்கி வந்தேன். கண்ணேறு படாமலிருக்க அங்கே வாசல், கார், கைக்குழந்தையின் சட்டைத் தோள் என்று கண்ட இடத்திலெல்லாம் மாட்டுகிற நீலக் கண்ணாடிக் கண் அது. நம் திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பங்காளி.

கிராண்ட் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு கடை. ஆப்பிள் டீ கொடுத்து உட்காரவைத்தார் கடைக்காரர். இஸ்மிர் பக்கம் நஸர்கோய் என்றொரு ஊர், முன்பு குருதெரே. இந்த மணிக்காகவே 2007இல் பெயரை மாற்றிக்கொண்ட கிராமம். அங்கே விறகு உலையில் கண்ணாடியை உருக்கி, இரும்புக் கம்பி நுனியில் சுற்றி, நீலத்தின் மேல் வெள்ளை, அதன் மேல் வெளிர்நீலம், நடுவே கறுப்புப் பொட்டு என்று சொட்டுச் சொட்டாக வைப்பார்கள். “எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு, பிரதர்” என்று ஒன்றைக் கையில் வைத்தார். கனமாக, ஜில்லென்று இருந்தது. உள்ளே சின்னக் காற்றுக்குமிழ்கள்கூடத் தெரிந்தன. “விரிசல் விட்டால் உங்கள்மேல் பட்ட கண்ணை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்” என்றார். அங்கே எல்லோரும் நம்புவதுதான். ஆனால் விற்கிறவருக்கு இதைவிட வசதியான நம்பிக்கை கிடைக்குமா!

ஒன்று 3 யூரோ என்று பேசி முடித்தேன். மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, டேப் ஒட்டிக் கொடுத்தார். நான் டீயை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் பெரியம்மா பேரனின் தொட்டிலில் ஒன்றைக் கட்டினார். இரண்டாம் நாள் குழந்தையின் வாயோரம் நீலம். ஈரத்துணியால் மணியைத் துடைத்தால் துணியிலும் நீலம். சந்தேகம் வந்து ஊக்கைச் சூடாக்கிக் குத்திப் பார்த்தேன். மெழுகில் இறங்குவதுபோல் இறங்கியது, பிளாஸ்டிக் கருகும் நாற்றம். இருபதையும் பிரித்தால் 19 பிளாஸ்டிக். மேலே இருந்த ஒன்று மட்டும் கண்ணாடி, கடையில் என் கையில் வைத்தாரே, அதுவேதான்.

கடை அட்டையிலிருந்த எண்ணுக்குப் படம் அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் இல்லை.

போகிறவர்கள் ஒவ்வொரு மணியையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி என்றால் குளிரும். கையால் செய்ததில் வட்டங்கள் கொஞ்சம் கோணலாக இருக்கும். அச்சில் வார்த்ததில் ஓரத்தில் மெல்லிய கோடு ஓடும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முக்கியமாக, நீங்கள் பொறுக்கியதை உங்கள் கண் முன்னாலேயே சுற்றச் சொல்லுங்கள். டீயை அப்புறம் குடிக்கலாம். கார்டு தேய்க்கும்போது லிராவா யூரோவா என்று கேட்டால், உள்ளூர்ப் பணமான லிராவையே அழுத்துங்கள். குழந்தைகளுக்கு என்றால் எட்டாத உயரத்தில் மட்டும் கட்டுங்கள், கண்ணாடியே ஆனாலும்.

பெரியம்மா தொட்டிலிலிருந்து அதை அவிழ்த்துவிட்டார். இப்போது பேரனுக்குக் கன்னத்தில் மைப்பொட்டுதான்.