5060 டிஐயா, 9060 எக்ஸ்டியா, ஆர்க் பி580-ஆ: பாண்டி, கடலூர் பக்கம் எந்தக் கார்டு?

என்விடியாவா ஏஎம்டியா என்ற சண்டை எப்போதும் நடக்கும், நடக்கட்டும். கேமிங் கம்ப்யூட்டருக்கு நடுத்தர விலையில் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அது இல்லை, கார்டிலேயே இருக்கும் மெமரி 8 ஜிபியா 16 ஜிபியா என்பதுதான். 2025 ஏப்ரலில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, அதே வருடம் ஜூனில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இரண்டையுமே ஒரே பெயரில் இரண்டு மெமரி அளவில் விற்கிறார்கள். கடையில் போய் "5060 டிஐ இருக்கா?" என்று மட்டும் கேட்டால் விலை குறைந்ததைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், அது 8 ஜிபியாகத்தான் இருக்கும். அறிமுக விலையில் பார்த்தால் என்விடியாவில் 379, 429 டாலர், ஏஎம்டியில் 299, 349 டாலர், ஆக இரண்டிலும் வித்தியாசம் 50 டாலர்தான். இங்கே அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இறக்குமதி செய்பவர் லாபம் எல்லாம் ஏறும். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலையும் ஏறிவிட்டதால் 16 ஜிபி கார்டு இன்னும் கொஞ்சம் எட்டாத தூரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். தெரிந்தாலும் முடிந்தவரை அதையே பிடியுங்கள்.

காரணம் இதுதான். கேம் கேட்கிற மெமரி கார்டில் இருப்பதைத் தாண்டினால், மிச்சம் மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கம்ப்யூட்டரின் சாதா ரேமுக்குப் போய் வர வேண்டும். அந்த வழி மெதுவானது. அப்போது சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஓடும்போது திடீர் திடீரென்று இழுக்கும், இல்லையென்றால் சுவர், தரை, முகம் எல்லாம் குழம்பிப்போன படமாக வரும். அப்புறம் ஃபிரேம் ஜெனரேஷன் (கேம் வரைகிற படங்களுக்கு நடுவே கார்டே புதுப் படம் செய்து செருகுவது) என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, அதுவும் மெமரியைத்தான் தின்கிறது. 8 ஜிபி தட்டுகிற கேமில் அதை ஆன் செய்தால் காப்பாற்றுவதற்குப் பதில் கவிழ்த்துவிடும். 5060 டிஐயில் ஜிடிடிஆர்7 மெமரி, விநாடிக்கு 448 ஜிபி வேகம் என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் வேகம் கொள்ளளவுக்கு ஈடாகாது.

திருப்பாப்புலியூர் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நான் வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் ஆடுறேன், எனக்கு எதுக்கு 16?" நியாயமான கேள்வி. அவனுக்கு 16 தேவையில்லை, 5060 டிஐயும் தேவையில்லை. டிஐ இல்லாத 5060 கூட அந்த கேம்களுக்கு அதிகப்படி. 299 டாலரில் வந்தது, 145 வாட்தான் இழுக்கும். மிச்சக் காசில் 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கு என்றேன். புதுக் கதை கேம்கள், பெரிய உலகம், 1440பி மானிட்டர் என்று ஆசை இருப்பவர்களுக்குத்தான் நான் மேலே சொன்னது.

இனி ஸ்லாட். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். 5060, 5060 டிஐ இரண்டும் பார்ப்பதற்கு முழு நீள ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் அதில் 8 லேன், அதாவது தகவல் போய் வரும் பாதைகளில் எட்டுதான் பயன்படுத்தும். 9060 எக்ஸ்டி 16 லேனும் பயன்படுத்தும். புது மதர்போர்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பி450, ஏ520 மாதிரி பிசிஐஇ 3.0 (கார்டு ஸ்லாட்டின் பழைய, 4.0-ஐ விட மெதுவான தலைமுறை) போர்டு வைத்திருந்தால் தெரியும், அதிலும் 8 ஜிபி கார்டு என்றால் நன்றாகவே தெரியும், ஏனென்றால் நிரம்பி வழிகிற மெமரி போய் வரும் வழியே பாதியாகிவிடுகிறது. நம்மூரில் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் ரைசன் 5600ஜி புராசஸர். "இப்போதைக்கு கார்டு வேண்டாம், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு, பிறகு போட்டுக்கலாம்" என்று அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ. அந்தச் சிப் பி550 போர்டில் போட்டாலும் பிசிஐஇ 3.0 தான் கொடுக்கும். போர்டு பெயரை மட்டும் பார்த்து 4.0 என்று நினைத்துவிடாதீர்கள். 5600ஜி வைத்திருப்பவருக்கு என் பதில் யோசிக்காமல் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. இன்டெல் 12400எஃப் புராசஸர் வைத்திருப்பவருக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, அதில் ஸ்லாட் குறைந்தது 4.0.

சரி, இரண்டு 16 ஜிபி கார்டையும் நேருக்கு நேர் வைத்தால்? சாதாரண கேம்களில் 5060 டிஐ ஒரு சில சதவீதம் முன்னே. விளையாடும்போது அது தெரியாது, மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது) கூடக் கூட என்விடியா இன்னும் முன்னே போகும், அதன் கனமான வடிவமான பாத் டிரேசிங் என்றால் ஏஎம்டி திணறும். ஆனால் அறிமுக விலையிலேயே 80 டாலர் வித்தியாசம், அதாவது 23 சதவீதம் கூடுதல். அந்தச் சில சதவீதத்துக்கு அவ்வளவு கொடுக்க எனக்கு மனசு வராது. சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஒரு நல்ல வாதம்தான், கேம்களின் எண்ணிக்கையில் அதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு படத்தின் தரத்தில் ஏஎம்டி ரொம்பவே நெருங்கிவிட்டது, எல்லா கேமிலும் கிடைக்காது என்பதுதான் குறை. 4 மடங்கு ஃபிரேம் ஜெனரேஷனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அடிப்படை எஃப்பிஎஸ் 60 பக்கத்தில் இல்லாவிட்டால், திரையில் 150 காட்டும், மவுஸை நகர்த்தினால் கை வேறு சொல்லும்.

வெறும் விளையாட்டுக்கு என்றால் 9060 எக்ஸ்டி. வேலையும் இருக்கிறது என்றால் கதை மாறும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குப் புதுக் கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்று நிறத் தகவல் அதிகமாகக் கொடுக்கிற ஃபைல்கள் பெரிய தலைவலி, டைம்லைன் நகராது. 50 வரிசை என்விடியா கார்டுகள் அதை ஹார்ட்வேரிலேயே திறக்கும். பிளெண்டரில் ரெண்டர், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது என்றாலும் குடா (என்விடியாவின் சொந்தக் கணக்கீட்டு மென்பொருள் தளம்) இருப்பதால் என்விடியாவில் தலைவலி குறைவு. ராத்திரி கேம், பகலில் எடிட்டிங் என்று இருக்கிற ஆள் 80 டாலர் கூடக் கொடுத்து 5060 டிஐ 16 ஜிபி வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இன்டெல் ஆர்க் பி580 இந்தக் கூட்டத்தில் ஏழைப் பங்காளன். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது, 12 ஜிபி. அந்த விலையில் மற்ற இருவரும் 12 ஜிபி கொடுக்கவே இல்லை, எடிட்டிங்கிலும் 4:2:2 ஃபைல்களை நன்றாகத் திறக்கும். ஆனால் யார் வாங்குவார்கள் என்று பாருங்கள், பழைய கம்ப்யூட்டரில் காசு குறைவாக வைத்துக் கார்டு தேடுகிறவர்கள். அவர்களுக்குத்தான் இது சரிப்படாது. ரைசன் 2600, 3600 மாதிரி பழைய புராசஸரோடு போட்டால் இதன் டிரைவர் புராசஸர் மேல் போடுகிற சுமையால் வேகம் விழுகிறது, 2025 ஜனவரியிலேயே பலர் சோதித்துக் காட்டினார்கள். ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே தடவையில் எட்ட விடும் வசதி) இல்லாத போர்டில் இன்னும் மோசம். புது புராசஸரோடு முழுதாக அசெம்பிள் செய்கிறவர் மட்டும் யோசிக்கலாம்.

இப்போது நம்மூர் சங்கதி. 5060 டிஐ 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், பி580 190 வாட். இந்த 20, 30 வாட்டில் கரண்ட் பில் பெரிதாக மாறாது, யுபிஎஸ்ஸில்தான் மாறும். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டு 180, புராசஸர் ஒரு 90, மானிட்டர் 30, மற்றவை என்று கூட்டினால் விளிம்பில் நிற்கிறது, கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏவாகப் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) சில, விலை குறைந்த யுபிஎஸ், இன்வர்ட்டர்கள் கொடுக்கும் சதுர அலையில் ஒத்துழைக்காமல் நின்றுவிடுவதும் உண்டு, அதனால் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் எந்தக் கார்டையும் மாட்டாதீர்கள். நல்ல 600 வாட் ஒன்று எல்லாவற்றுக்கும் போதும். புயல் அறிவிப்பு வந்தால் யுபிஎஸ்ஸை நம்பி உட்காராமல் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது. 2011 தானேயும் 2024 ஃபெஞ்சலும் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கத்தரி வெயிலில் ஏசி இல்லாத அறை 36, 37 டிகிரியில் இருக்கும், அறை ஏறுகிற அளவுக்குக் கார்டும் ஏறும். 160, 180 வாட்டுக்கு இரண்டு ஃபேன் போதும், மூன்று ஃபேன், விளக்கு என்று கூடுதல் காசு கொடுப்பதை விட கேபினெட்டுக்கு முன்பக்கம் இரண்டு ஃபேன் போடுங்கள். குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடு என்றால் ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள். உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது பின்பக்கத் தகடும் ஸ்க்ரூவும், துரு முற்றினால் வாரண்டிக்குக் கொண்டுபோகும்போது அதையே காட்டித் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டே பெயர்தான். 2021-இல் வந்த என்விடியா 3060 12 ஜிபி, அதே வருட ஏஎம்டி 6700 எக்ஸ்டி. இரண்டும் 12 ஜிபி, இரண்டும் 16 லேன், பழைய போர்டுக்கு நல்ல ஜோடி. 6700 எக்ஸ்டி வேகம் கூட, ஆனால் 230 வாட் இழுக்கும். கார்டுகளை ஓட்டி எத்தீரியம் கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நிற்கும்வரை இவை இரவு பகலாக ஓடியிருக்கலாம், அதனால் விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டச் சொல்லி ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

புதுசு வாங்கினால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கேட்டு வைத்துக்கொண்டு பாண்டியில் பேரம் பேசலாம். வித்தியாசம் பஸ் செலவு, ஒரு நாள் அலைச்சல் அளவுதான் என்றால் பக்கத்துக் கடையே மேல், பிரச்சினை வந்தால் போய் நிற்க ஒரு இடம் இருக்கும். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், "16 ஜிபி" என்று எழுதியிருக்க வேண்டும், பெட்டியைக் கடையிலேயே திறந்து கார்டில் உள்ள நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.