குறட்டைக்காக வேலூரில் ஓர் இரவு

சிட்னியிலிருந்து ஐந்து வார விடுப்பில் காட்பாடி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், "நீ குறட்டை விட்டதுகூட பரவாயில்லடா, நடுவுல அது நின்னு போச்சே, அப்பதான் எனக்கு பயமா இருந்துச்சு" என்றார் அம்மா. குறட்டை திடீரென அடங்குவதையும், சற்று நேரம் மூச்சே கேட்காததையும், பிறகு நான் திணறி மூச்சை இழுப்பதையும் அவர் கூடத்தில் விழித்திருந்து கவனித்திருக்கிறார். சிட்னியில் தனியாக வசிப்பதால் இதைச் சொல்ல எனக்கு ஆள் இருந்ததில்லை. பகலில் கண் சொக்குவதை வேலைக் களைப்பு என்றே எண்ணியிருந்தேன்.

முதலில் சென்ற காது மூக்கு தொண்டை மருத்துவமனையில், மூக்குத் தண்டு வளைந்திருப்பதாகவும் அறுவை சிகிச்சை செய்தால் குறட்டை போய்விடும் என்றும் கூறி, அடுத்த வாரத்திலேயே தேதியும் குறிக்க முன்வந்தார்கள். உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வெளிநாட்டுவாசி என்று தெரிந்த பிறகே அந்த அவசரம் பிறந்ததோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. மூக்கடைப்பு குறட்டையைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் உறக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான மேலண்ணமும் பின்னோக்கிச் சரிந்து தொண்டையைக் குறுக்க, அவ்வழியே நுழையும் காற்றில் சதை அதிர்வதால் எழும் ஓசையே பெரும்பாலும் குறட்டை. வழி முற்றிலும் அடைபட்டால் மூச்சு நிற்கும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், மூளை நம்மை அரைகுறையாக எழுப்பிவிடும்.

இரண்டாவதாகச் சென்ற மருத்துவமனையில் பதிவு செய்வதே பெரும்பாடாக இருந்தது. இந்தியக் கைப்பேசி எண் இல்லாமல் பதிவு நகராது என்பதால் அம்மாவின் எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு ஓடிபிக்கும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. நுரையீரல் மருத்துவரைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ஆனால் அவர் கழுத்தின் சுற்றளவை அளந்தார். இரத்த அழுத்தம், தைராய்டு, மதுப் பழக்கம், வண்டி ஓட்டும்போது வரும் தூக்கம் என ஒவ்வொன்றாக விசாரித்த பின்னரே உறக்கப் பரிசோதனைக்கு எழுதினார்.

பரிசோதனைக்காக மருத்துவமனையில் தங்கிய இரவில் பணியில் இருந்தவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தலையில் ஒட்டும் மின்வாய்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கடியில் குழாய், விரலில் ஆக்ஸிஜன் அளவி என ஒவ்வொன்றும் எதற்கு என்று பொறுமையாக விளக்கினார். இத்தனை ஒயர்களோடு தூக்கம் வருமா என்று கேட்டேன். இங்கே தூங்காமல் போனவர் யாரும் இல்லை என்றார். பாதி இரவு அளந்துவிட்டு, மீதிப் பாதிக்கு, முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் (CPAP) கருவியை மாட்டிவிட்டார்.

பத்து விநாடியாவது மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்பதே அறிக்கையின் முக்கிய எண். ஐந்துக்குக் கீழ் இயல்பு, 30க்கு மேல் கடுமை, எனக்கு 34. மல்லாந்து படுத்தபோதுதான் மிகுதி என்பதால் ஒருக்களித்துப் படுக்கவும், எடையைக் குறைக்கவும் அறிவுரை கிடைத்தது. ஆனால் இந்த அளவுக்கு அவை மட்டும் போதாது என்றும் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்.

தொடர்ந்த காற்றழுத்தத்தால் தொண்டை மூடாமல் காக்கும் இந்த சிபேப் கருவியைப் பற்றி மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் அறிவித்தது நான் வாழும் அதே சிட்னியிலிருந்துதான். அதை நான் முகத்தில் மாட்டிக்கொண்டதோ வேலூரில். எஞ்சிய மூன்று வாரங்களுக்குக் கருவியை வாடகைக்கு எடுத்தேன். சத்தமே கேட்கவில்லை என்று முதல் இரவில் அம்மா இருமுறை எழுந்து வந்து பார்த்தாராம். ஒரு நள்ளிரவு மின்வெட்டின்போது, கருவியின் ஈரப்பதமூட்டியை மட்டும் அணைத்துவிட்டு இன்வெர்ட்டரிலேயே அதை ஓட்டினோம்.

கருவியை இங்கேயே விலைக்கு வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். பழுதும் உதிரிப் பாகமும் சிட்னியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். தேவையான அழுத்த அளவுதான் அறிக்கையில் இருக்கிறதே. பல அளவுகளைப் போட்டுப் பார்த்து முகத்துக்குப் பொருந்திய முகமூடியை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு, புறப்படும் நாளன்று கருவியைக் கடையில் ஒப்படைத்து முன்பணத்தைத் திரும்பப் பெற்றேன்.