பழைய ராணுவ டிரக்கின் கியர் ராடுக்கு எந்தக் குமிழ்? நான்கையும் மாட்டிப் பார்த்த கணக்கு

டெக்ஸாஸில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு எம்35ஏ2 நிற்கிறது. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட வண்டி. இங்கே எல்லோரும் ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்பார்கள். இரண்டரை டன் என்பது கரடுமுரடான பாதையில் ஏற்றக்கூடிய சுமை. மூன்று அச்சுகளும் இழுக்கும். பல வகை எரிபொருளில் ஓடும் 7.8 லிட்டர் மல்டிஃபியூயல் என்ஜின், ஐந்து கியர், கையால் மல்லுக்கட்டித் திருப்பும் ஸ்டீயரிங். வீட்டுக்கு வந்தபோது கியர் ராடின் நுனியில் குமிழே இல்லை. யாரோ துணியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு குமிழ் தேடப்போய், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வகையை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் மாட்டியது பித்தளை. லேத்தில் கடைந்து மெருகேற்றிய உருண்டை, பார்க்க அத்தனை அழகு. 50 மி.மீ. விட்டத்தில் திடமான பித்தளை உருண்டை செய்தால் எடை அரைக் கிலோவைத் தாண்டும். அந்தக் கனம் கையோடு சேர்ந்து வருவதால், நிற்கும் வண்டியில் கியர் வழுக்கிக்கொண்டு விழுவதுபோல் இருக்கும். ஓடும்போதுதான் சங்கடம். இவ்வளவு நீளமான ராடின் உச்சியில் அரைக் கிலோ தொங்கினால், மேடு பள்ளத்தில் ராடு தானாக ஆடும். உள்ளே கியரை நிறுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் பள்ளங்களும் தேய்ந்த பழைய கியர்பாக்ஸில் அந்த ஆட்டமே கியரை வெளியே உதறிவிடலாம். எங்கள் வண்டி மூன்றாவது கியரிலிருந்து இரண்டு முறை அப்படி நழுவியது, இரண்டும் இறக்கத்தில். அன்றே கழற்றிவிட்டேன். அதே அளவை அலுமினியத்தில் செய்தால் எடை 180 கிராமுக்குள் அடங்கும், ஆட்டம் போய்விடும். ஆனால் கேன்வாஸ் கூரையைக் கழற்றிவிட்டு ஆகஸ்ட் மாத வெயிலில் நிறுத்தியிருந்தால் பித்தளையோ அலுமினியமோ, உள்ளங்கை பொரிந்துவிடும்.

இரண்டாவது, போலிக் கையெறி குண்டு. அன்னாசிப்பழம் போல வரி வரியாக இருக்கும் எம்கே2 என்ற பழைய அமெரிக்கக் குண்டின் வடிவத்துக்கு ராணுவ வண்டிக்காரர்களிடம் பெரிய மவுசு. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். அடிக்கடி கியர் மாற்றி ஓட்டும் வண்டியில், அந்த வரிகள் ஒரு மணி நேரத்தில் உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடும். பக்கவாட்டுக் கைப்பிடித் தகடு சட்டைக் கையில் மாட்டும். இதையெல்லாம் விட முக்கியமானது, சாலையோரம் நிறுத்திச் சோதிக்கும் போலீஸ்காரருக்கு அது போலி என்று சன்னல் வழியாகத் தெரியாது என்பது. 12.7 மி.மீ. தோட்டாவை மாட்டுவதும் இதே ரகம்தான். வெடிமருந்து இல்லாததாகவே இருந்தாலும், முனையோடு சேர்த்து 138 மி.மீ. உயரம். ராடு அவ்வளவு நீண்டுவிடுவதால் ஒவ்வொரு கியருக்கும் கை கூடுதல் தூரம் போய்வர வேண்டும்.

மூன்றாவது, பூல் பந்து. ஓட்டுவதற்கென்று பார்த்தால் எனக்கு இதற்கு இணை கிடையாது. அமெரிக்க பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., எடை ஏறக்குறைய 160 கிராம். உள்ளங்கை முழுக்க நிறையும். எந்தப் பக்கமிருந்து பிடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். உலோகம் அளவுக்குச் சூடேறாது. நல்ல பந்துகள் ஃபினாலிக் ரெசினில் செய்யப்படுபவை. 1907-ல் பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டும் ஃபினாலிக் ரெசின்தான். அந்தக் காலத்து வண்டிகளின் கறுப்புக் குமிழ்கள் பலவும் பேக்கலைட் என்பதால், பூல் பந்து பழைய வண்டிக்கு முற்றிலும் அந்நியமான பொருளும் அல்ல.

துளை போடுவதில்தான் கவனம் வேண்டும். உருண்டை வழுக்கும், இரண்டு மரத்துண்டுகளில் குழிவெட்டி நடுவில் வைத்து வைஸில் இறுக்கி, மெதுவான வேகத்தில் துளைக்க வேண்டும். தூசி மூக்குக்குள் போகாமல் முகமூடி அவசியம். பந்திலேயே மரை வெட்டினால் நாளடைவில் பொடிந்துவிடும். உள்மரை கொண்ட பித்தளைப் புஷ்ஷை (சிறு குழாய்த் துண்டு) எபாக்ஸி பசை வைத்து உள்ளே பதிப்பதுதான் நிலைக்கும்.

மரை அளவை ஊகத்தில் வாங்காதீர்கள். 3/8 அங்குலமா 1/2 அங்குலமா, மரை பெருசா சன்னமா என்பதை, மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் ராடையே மாற்றியிருக்கலாம். பக்கவாட்டில் மூன்று சின்ன ஸ்குரூ வைத்து எந்த ராடிலும் பிடிக்கும் அடாப்டர்கள் விற்கின்றன. அந்த ஸ்குரூக்கள் அசல் மரையைக் கடித்துக் கெடுத்துவிடும். அடியில் ஒரு லாக் நட்டு, பிறகு கழற்ற முடிகிற இரண்டு சொட்டு நீல நிற லாக்டைட் (மரைப் பசை), அவ்வளவு போதும். சிவப்பு லாக்டைட்டும் எபாக்ஸியும் ராடின் மரையில் படவே கூடாது. கீழே ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்தால் புதியதை மேலிருந்துதான் நுழைக்க வேண்டும். குமிழ் கழலாவிட்டால் சிறு வேலை பெருவேலையாகிவிடும்.

நான்காவது, மரம். எங்கள் பக்கத்து மெஸ்கீட் மரத்தில் கடைந்தேன். நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது. ஈரத்துக்கும் வறட்சிக்கும் அதிகம் சுருங்காத மரம், எண்ணெய் பூசினால் கருஞ்சிவப்பாக மின்னும். கைக்கு இதமென்றால் இதுதான் முதல். மழையில் நனையும் திறந்த கேபினில் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் கேட்கும் என்பது மட்டும்தான் குறை. 3டி பிரிண்ட் குமிழ்களைப் பற்றி ஒரு வரி: பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகிவிடும், வெயில் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் என்றால் பரவாயில்லை.

கண்காட்சிக்குக் கொண்டுபோய் அசல் நிலைக்கு மதிப்பெண் வாங்க நினைப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. பயன்படுத்தாத பழைய ராணுவ உதிரிபாகமாகக் கிடைக்கும் கறுப்புக் குமிழை வாங்கி மாட்டுங்கள்.

இப்போது எங்கள் வண்டியில் கியர் ராடில் பூல் பந்து, பக்கத்தில், அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ராடில் பேரிக்காய் வடிவ மெஸ்கீட். இரண்டுக்கும் ஒரே குமிழ் போட்டால் ஜோடியாக அழகாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இருட்டில், கண் சாலையில் இருக்கும்போது, எந்த ராடு என்று கைக்குத்தான் தெரிய வேண்டும்.